மறு: டெவனில் கருஞ்சிறுத்தையா? தம்பி அனுப்பிய படம் பற்றி

உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவனில் இருக்கும் தம்பி போட்ட படத்தையும் அதற்கு வந்து குவிந்த மடல்களையும் இன்றுதான் உட்கார்ந்து படித்து முடித்தேன். புல்வெளிக்கு அந்தப் பக்கம், வேலியோரம், ஒரு கறுப்பு உருவம். நீளமான வால். படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகச் சிதறிப்போகிறது. டொராண்டோ அக்கா "பூனையப்பா அது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சிங்கப்பூர் சித்தப்பாவோ பிள்ளைகளை வெளியே விடாதே என்று மூன்று மடல் எழுதிவிட்டார். நான் டெவனை ஒட்டிய எக்ஸ்மூர் மேட்டுநிலத்துப் பக்கம் குடிவந்து இருபது வருஷம் ஆகிறது. இங்கே இது பழைய கதை, எனக்கும் அதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. தம்பியை யாரும் கேலி செய்ய வேண்டாம். 1960-களில் லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில் பூமா (அமெரிக்காவின் பெரிய காட்டுப்பூனை) திரிகிறது என்று பேச்சுக் கிளம்பியபோது, காடால்மிங் போலீஸ் நிலையத்தில் அதற்கென்றே பதிவேடு வைத்து நூற்றுக்கணக்கான தகவல்களை எழுதிக்கொண்டார்கள். 1983-இல் எக்ஸ்மூரில் ஒரு விவசாயி மூன்றே மாதத்தில் நூறு ஆட்டுக்கு மேல் பறிகொடுத்ததாகச் சொன்னார். கடற்படையின் மரைன் வீரர்களே துப்பாக்கியோடு வந்து புதர்களுக்குள் காத்துக் கிடந்தார்கள். கையில் ஒன்றும் சிக்கவில்லை.

சிங்கமும் சிறுத்தையும் இந்தக் குளிர்த் தீவுக்கு எப்படி வரும் என்று சித்தப்பா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் இவற்றைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வளர்க்கலாம். 1969-இல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் இரண்டு இளைஞர்கள் ஒரு சிங்கக்குட்டியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். 1976-இல்தான் ஆபத்தான காட்டு விலங்குகளை வளர்க்க உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. உரிமக் கட்டணம், காப்பீடு, சோதனை என்று வந்ததும், தாங்காத சிலர் இரவோடு இரவாகக் காரில் ஏற்றிக்கொண்டு போய் மேட்டுநிலத்தில் அவிழ்த்துவிட்டார்கள் என்பதுதான் இங்கே எல்லாரும் சொல்லும் விளக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம், ஆனால் வெளியே விட்டால் 1981 வரைக்கும் குற்றமில்லை! அதனால் அந்தக் கதையை முழுக்கக் கட்டுக்கதை என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் 1976-இல் விட்ட சிறுத்தை இன்னுமா உயிரோடு இருக்கும்? கூண்டுக்குள் வேளாவேளைக்குச் சோறு போட்டால்கூட இருபது வருஷத்தைத் தாண்டுவது அபூர்வம். இன்று தம்பி கண்ணில் பட்டது சிறுத்தைதான் என்றால் அது பேரன் பேத்தி தலைமுறையாக இருக்க வேண்டும். அத்தனை தலைமுறை யார் கையிலும் சிக்காமல் பெருகியிருக்க வேண்டும். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

ஏனென்றால், உண்மையாகவே இருந்தவை சிக்கியிருக்கின்றன. 1980-இல் ஸ்காட்லாந்தில் கேனிக் என்ற ஊரில் ஒரு விவசாயி வைத்த கூண்டில் நிஜப் பூமாவே விழுந்தது. ஃபெலிசிட்டி என்று பெயர் வைத்தார்கள். பார்த்தால் ஆளோடு பழகிய சாதுப் பிராணி. செத்த பிறகு பாடம் செய்து இன்வர்னஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1988-இல் ஹேலிங் தீவிலும் 1989-இல் லட்லோ பக்கத்திலும் ஆசியக் காட்டுப்பூனைகள் செத்துக் கிடந்தன, வண்டியில் அடிபட்டு. 2001-இல் வடக்கு லண்டனில் வீட்டுத் தோட்டங்களுக்குள் சுற்றிய ஒரு லின்க்ஸை (குட்டை வாலுள்ள காட்டுப்பூனை) பிடித்து மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோனார்கள். போன வருஷம், 2025 ஜனவரியில், ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் யாரோ கள்ளத்தனமாக நான்கு லின்க்ஸ்களை விட்டுவிட்டார்கள். சில நாளுக்குள் நான்கும் அகப்பட்டன. பாவம், அதில் ஒன்று செத்துப்போனது. ஆக, இருப்பது ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கூண்டோ காரோ ஏதோ ஒன்று அதை முடித்துவிடுகிறது. எந்தச் சாலையிலும் ஒரு சிறுத்தை அடிபட்டுக் கிடக்கவில்லையே?

எனக்குப் பிடித்தது போட்மின் மூர் கதை. டெவனுக்கு மேற்கே கார்ன்வாலில், 'போட்மின் மிருகம்' என்று ஊர் பேசிய ஒரு பெரும்பூனையைப் பற்றி 1990-களில் கூச்சல் அதிகமாகி, 1995-இல் வேளாண் அமைச்சகமே ஆள் போட்டு விசாரித்தது. வந்த அதிகாரிகள் உருப்படியாக ஒரு வேலை செய்தார்கள். படமும் வீடியோவும் எடுத்த இடங்களுக்கே திரும்பப் போய், அந்த மிருகம் நின்ற இடத்தில் அளவுக்கோலை நட்டு மறுபடி படமெடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வாசல் தூண்மேல் உட்கார்ந்திருந்த 'மிருகம்' ஓரடி உயரம்! பெரும்பூனை இருப்பதற்கு உறுதியான சான்று இல்லை, இல்லவே இல்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அறிக்கை வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, ஃபோவி ஆற்றில் ஒரு பையன் கையில் மண்டை ஓடு கிடைக்கிறது. பெரிய கோரைப்பற்கள். ஊரே "பார்த்தீர்களா" என்று குதித்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். சிறுத்தையின் மண்டை ஓடுதான், சந்தேகமில்லை, இளம் ஆண். ஆனால் பின்பக்கத்தை வெட்டியிருந்த விதம், தலையோடு சேர்த்துத் தோல் விரிப்பு செய்கிறவர்கள் வெட்டுகிற மாதிரி. உள்ளே ஒரு கரப்பானின் முட்டைக்கூடு வேறு. இந்த நாட்டுக் குளிரில் பிழைக்காத வெப்பநாட்டுக் கரப்பான். எங்கேயோ செத்து, யாரோ வீட்டுக் கூடத்தில் விரிப்பாகக் கிடந்து, கடைசியில் ஆற்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறது அந்தச் சிறுத்தை. ஆற்றில் போட்ட ஆள் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் போட்டாரோ என்னவோ.

போலீஸ்காரர்களும் ஏமாந்திருக்கிறார்கள். 2011-இல் ஹாம்ப்ஷயரில் வெள்ளைப்புலி என்று ஹெலிகாப்டர் பறந்தது, பக்கத்தில் கிரிக்கெட் ஆட்டத்தைக்கூட நிறுத்தினார்கள். வெப்பக் கேமராவில் புலியின் உடம்பில் சூடே இல்லை. பொம்மை. அடுத்த வருஷம் எசெக்ஸில் சிங்கம் என்று ஒரு ராத்திரி முழுக்கத் தேடல். அது மெயின் கூன் என்ற பெரிய ஜாதி வீட்டுப்பூனையாக இருக்கலாம் என்று முடிந்தது. 2018-இல் ஸ்காட்லாந்தில் முக்கால் மணி நேரம் ஒரு புலியைக் காருக்குள்ளிருந்தே காவல் காத்தார்கள். அதுவும் பொம்மைதான்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே பார்த்ததாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பு என்றுதான் சொல்கிறார்கள். உலகத்துச் சிறுத்தைகளில் சுமாராகப் பத்தில் ஒன்றுதான் கறுப்பு. கறுப்புப் பூமா என்று இதுவரை ஒன்றுகூட உறுதியாகவில்லை. கறுப்பாகக் கணக்கில்லாமல் திரிவது வீட்டுப்பூனைதான். பணக்காரர்கள் கருஞ்சிறுத்தையாகப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள் என்று ஒரு பதில் உண்டு. சரி, இருக்கலாம்.

இப்போது என் பங்கு. பத்து வருஷம் முன்னால், அக்டோபர் மாதம், வேலை முடிந்து வருகிறேன். இருட்டப் போகிற நேரம். கோதுமை அறுத்த வயலில் ஒரு கறுப்பு மிருகம் சாவகாசமாக நடந்து போகிறது. தோள் ஏறி இறங்குகிறது, வால் நுனி மேலே வளைந்திருக்கிறது. காரை ஓரங்கட்டினேன், கதவைத் திறக்கவில்லை. கை நடுங்கியதை மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் நாலடி நீளம் என்று சொன்னேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் அது ஐந்தடி ஆகிவிட்டது.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் ரோட்டில் அதே இடத்தில் நிற்க, அவள் அந்த மிருகம் போன தடத்தில் நடந்தாள். அறுத்த தாள் அவள் கணுக்காலுக்குச் சற்று மேலே முடிந்தது. நான் பார்த்தபோது அதன் வயிறு தாளுக்கு மேலே ஒட்டினாற்போல் இருந்தது. சிறுத்தைக்குத் தோள் உயரமே இரண்டடி வரும், வயிறு அவள் முழங்கால் கிட்ட இருக்க வேண்டும். அங்கிருந்தே கையை ஆட்டி, "மியாவ்" என்று கத்தினாள். ஆனாலும், இன்றைக்குக் கண்ணை மூடினால் அது சிறுத்தை அளவில்தான் நடக்கிறது.

அக்கா கோபிக்கக் கூடாது, நீங்கள் சொன்ன ஒரு வரியோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 2024-இல், வட இங்கிலாந்தின் கம்பிரியாவில் செத்த ஆட்டின் மேலிருந்து எடுத்த மாதிரியில், வாரிக் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சிங்கம், சிறுத்தை வகையைச் சேர்ந்த டிஎன்ஏ கிடைத்தது. ஒரே ஒரு மாதிரி, அதை வைத்து ஊர் முழுக்கச் சிறுத்தை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சிரித்துத் தள்ளவும் முடியாது. யாரோ ஒருவர் இன்றும் ரகசியமாக வளர்த்து, அது தப்பித்திருக்கலாம் என்றால் நான் நம்புவேன்.

அதனால் தம்பி, மழை பெய்வதற்குள் அந்த வேலிக்குப் போ. தனியாகப் போகாதே, சித்தப்பா மறுபடி மடல் போடுவார். ஈரமண்ணில் தடம் இருந்தால் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படமெடு. நகக்குறி இருந்தால் பெரும்பாலும் நாய், பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் முக்கியமானது: படத்தில் அதன் வலது பக்கம் சாய்ந்து நிற்கிறதே ஒரு வேலிக் கம்பம், அதன் உயரத்தை டேப் வைத்து அளந்து எழுது. மற்ற கணக்கை நான் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சாமர்செட் அண்ணன்