டிரெஸ்டனில் இட்லி அரிசி, முழு உளுந்து எங்கே கிடைக்கும்?

ஜெர்மனியின் கிழக்குப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன். மேற்கே டார்ட்மண்ட், ஹாம் நகரங்கள் பக்கம் ஈழத்தமிழர் கடைகள் உண்டு. இங்கே அருகில் வியட்நாம் கடைகள்தான். அங்குள்ள ஒட்டும் அரிசி இட்லிக்கு ஆகாது, மாவு பசையாகிவிடும். சூப்பர் மார்க்கெட்டில் "பார்பாயில்ட்" என்று விற்பது புழுங்கலரிசிதான், ஆனால் நீள ரகம். அந்த அரிசி 4 பங்குக்கு 1 பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம், ஒரு கைப்பிடி அவல் சேர்த்து அரைத்தால் இட்லி சுமாராக வரும், ஆறினால் வறண்டுவிடும். தோசைக்குப் பரவாயில்லை.

பெரிய சிக்கல் உளுந்து. பழைய சரக்கு எவ்வளவு ஊறினாலும் பொங்காது. அரைத்த உளுந்து மாவில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்காமல் அடியில் உட்காரும். குளிர்காலப் புளிப்புக்கு வழி இருக்கிறது: அடுப்பைப் பற்றவைக்காமல், ஓவன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே 12 மணி நேரம் வைத்தால் போதும்.

தெரிய வேண்டியவை: தோல் நீக்கிய முழு உளுந்தும் குண்டு இட்லி அரிசியும் 5 கிலோ மூட்டையாகத் தபாலில் அனுப்பும் கடை எது? பாக்கெட் தேதியைக் கேட்டால் சொல்வார்களா? லைப்சிக்கில் நேரில் வாங்க இடம் இருந்தாலும் சரி. உடைத்த உளுந்து வேண்டாம்.