சிங்கப்பூர் உணவக வேலை: ஆஃபர் வந்தும் பெர்மிட் வரவில்லை, என்ன செய்வது?

மணப்பாறை மைந்தன்:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஓர் உணவகத்தில் எனக்கு வேலை உறுதியாகி, தீபாவளிக்கு முன்பே ஆஃபர் லெட்டரும் கைக்கு வந்துவிட்டது. பொங்கலும் கழிந்துவிட்டது, பெர்மிட் மட்டும் வந்தபாடில்லை. ஏஜென்டைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம்" என்கிறார். நானே நேரடியாக விண்ணப்பிக்க வழி இருக்கிறதா? வழக்கமாக எவ்வளவு நாளாகும்? இங்கே பார்க்கும் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டதால், தெரிந்தவர்கள் விரைந்து பதில் தர வேண்டுகிறேன்.

தெற்கு வீதி:
வணக்கம் நண்பரே. பெர்மிட் என்று மட்டும் சொன்னால் யாராலும் பதில் சொல்ல இயலாது. சாதாரணத் தொழிலாளர்களுக்கான வொர்க் பெர்மிட்டா, நடுத்தரத் திறன் வேலைகளுக்கான எஸ் பாஸா, உயர் பதவிகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸா? ஆஃபர் லெட்டரில் என்ன பதவி, எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மாதச் சம்பளம், உங்கள் வயது என்ன, விண்ணப்பத்தைப் போட்டது உணவகமா அல்லது அங்குள்ள ஏஜென்சியா? இவற்றையும் எழுதுங்கள்.

கணினிக் கந்தன்:
இது சான்றிதழ் சரிபார்ப்பில்தான் நிற்கிறது என்று அடித்துச் சொல்வேன். 2023 செப்டம்பரிலிருந்து சம்பளம், படிப்பு முதலியவற்றுக்குப் புள்ளி போட்டு விண்ணப்பத்தை மதிப்பிடும் காம்பஸ் என்னும் முறை வந்துவிட்டது. 40 புள்ளி எடுக்க வேண்டும், பட்டத்துக்குப் புள்ளி வேண்டுமென்றால் அதைச் சரிபார்த்த சான்றையும் இணைக்க வேண்டும். என் தங்கை கணவருக்கும் இப்படித்தான் இழுத்தது. முதலில் பல்கலைக்கழகத்தில் போய் நில்லுங்கள்.

பழைய பெர்மிட்காரன்:
கந்தன் அவர்களே, காம்பஸ் என்பது எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு மட்டுமே உரியது. அந்தப் பாஸுக்கு 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும். உணவகத்தில் சேரப் போகிறவரைப் பல்கலைக்கழக வாசலுக்கு அனுப்புவானேன்?

கேள்வி கேட்டவருக்கு: இதே கேள்விக்கு நான் பதில் எழுதிச் சலித்துவிட்டேன். வேலைக்கு ஆளெடுக்கும் நிறுவனமோ அதன் சார்பில் அங்குள்ள ஏஜென்சியோதான் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க முடியும். தொழிலாளி தானாக விண்ணப்பிக்க வழியே இல்லை. ஆஃபர் லெட்டர் யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்து தரக்கூடிய தாள். அமைச்சு தரும் ஐபிஏ, அதாவது கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம்தான் கணக்கு. அதோடு, உணவகம் முதலிய சேவைத் துறையில் இந்தியர்களுக்கு வொர்க் பெர்மிட்டே கிடையாது. இந்த அடிப்படை கூடத் தெரியாமல் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து கேட்டால் எப்படி?

தேக்கா தெரு:
கடைசியாகச் சொன்னது இன்றைய நிலைமை அன்று, ஐயா. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வொர்க் பெர்மிட்டில் எடுக்கலாம். மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் தர வேண்டும், இந்தப் பிரிவில் எடுப்பவர்கள் நிறுவனத்தின் மொத்த ஆட்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பவை நிபந்தனைகள். எங்கள் கடையிலேயே திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு பரோட்டா மாஸ்டர் இந்த வழியில்தான் இருக்கிறார்.

பழைய பெர்மிட்காரன்:
விதிவிலக்கைப் பொது விதிபோல் பரப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. இவர் சமையல்காரர் என்று எங்கே எழுதியிருக்கிறார்?

மணப்பாறை மைந்தன்:
பதில் தந்த அனைவருக்கும் நன்றி. வயது 31, கேட்டரிங் டிப்ளமோ படித்திருக்கிறேன். ஆஃபர் லெட்டரில் உணவக மேற்பார்வையாளர், சம்பளம் 2,600 வெள்ளி என்று இருக்கிறது. ஆனால் மேற்பார்வையாளர் என்று போட்டால் பாஸ் கிடைக்காது என்பதால், சமையல்காரர் என்று போட்டு வொர்க் பெர்மிட் எடுத்துவிடுவதாகவும், அங்கே போனபின் நான் மேற்பார்வை வேலையே பார்க்கலாம் என்றும் ஏஜென்ட் சொன்னார். அது வழக்கமான நடைமுறைதான் என்று எண்ணியதால் முதலில் எழுதவில்லை.

தேக்கா தெரு:
முதலில் எழுதியிருக்க வேண்டியதே இதுதான், தம்பி. மேற்பார்வையாளர் பதவிக்கு எஸ் பாஸ்தான் எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. அதுவும் மிக இளையவர்களுக்குத்தான், வயது ஏற ஏற அத்தொகையும் ஏறி நாற்பதுகளின் நடுவில் 4,800 வெள்ளியைத் தொடும். ஆகவே 31 வயதில் 2,600 வெள்ளிக்கு எஸ் பாஸ் வர வாய்ப்பே இல்லை. சேவைத் துறையில் எஸ் பாஸ் ஆட்கள் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, ஆளுக்கு மாதம் 650 வெள்ளி தீர்வையும் அரசுக்குக் கட்ட வேண்டும் என்பதால், உங்களுக்காக முதலாளி சம்பளத்தைக் கூட்டுவார் என்றும் நம்ப வேண்டாம்.

சமையல்காரர் என்று போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது சிறு விஷயமன்று. பெர்மிட்டில் எந்த வேலை இருக்கிறதோ அதை மட்டுமே, அந்த முதலாளியிடம் மட்டுமே செய்ய வேண்டும். பொய்த் தகவல் தந்து பாஸ் எடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பிடிபட்டால் மறுபடி அங்கே வேலைக்கு வருவதையும் மறந்துவிட வேண்டியதுதான்.

காவிரிக்கரை:
அதுமட்டுமா, ஈசிஆர் கடவுச்சீட்டாக (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியகல்வு அனுமதி தேவை என்ற முத்திரை உள்ளது) இருந்தால் திருச்சி விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். குடியகல்வு அனுமதி வாங்கினீர்களா?

தெற்கு வீதி:
சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. வளைகுடா நாடுகள், மலேசியா போன்றவற்றுக்கு வேலைக்குப் போகும் ஈசிஆர்காரர்களுக்குத்தான் அந்த அனுமதி தேவை. டிப்ளமோ படித்தவருக்கு ஈசிஆர் முத்திரையே இருக்காது.

காவிரிக்கரை:
பட்டியலில் இல்லாவிட்டாலும் பதிவுபெற்ற ஏஜென்ட் வழியாகப் போவதே பாதுகாப்பு. அவர்கள் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

பழைய பெர்மிட்காரன்:
அந்தத் தொகைக்கு ஆளனுப்பிய ஒரு ஏஜென்டைக் காட்டுங்கள், மாலை போடுகிறேன். எங்கள் ஊரில் லட்சத்துக்குக் குறைந்து பேச்சே கிடையாது.

காவிரிக்கரை:
யாரும் மதிக்கவில்லை என்பதற்காக விதியே இல்லை என்று ஆகிவிடுமா? ரசீது இல்லாமல் கொடுக்கிறவர்கள் இருக்கும் வரை வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

தெற்கு வீதி:
அங்குள்ள ஏஜென்சிக்கும் வரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். விவாதத்தை இத்தோடு நிறுத்தி, கேட்டவருக்கு உதவுவோம். மைந்தன், மனிதவள அமைச்சின் இணையதளத்தில் உங்கள் கடவுச்சீட்டு எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்து நிலையைப் பாருங்கள். விண்ணப்பம் இருந்தால் தெரியும். ஐபிஏ வந்துவிட்டதாக யாராவது சொன்னால், வொர்க் பெர்மிட் கடிதத்தில் தமிழிலும் விவரங்கள் இருக்கும். அதில் வேலை, அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், ஏஜென்சிக் கட்டணம் ஆகியவற்றை வரிக்கு வரி படித்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள். சுற்றுலா விசாவில் முதலில் போய்விடலாம் என்று சொன்னால் உடன்படாதீர்கள்.

கணினிக் கந்தன்:
எதற்கும் டிப்ளமோவைச் சரிபார்த்து வைத்துக்கொள்வதில் தவறில்லை.

மணப்பாறை மைந்தன்:
பார்த்துவிட்டேன். என் பெயரில் எந்த விண்ணப்பமும் பதிவாகவில்லை. வேலையை விடும் கடிதத்தைத் திரும்பப் பெற மேலாளரிடம் பேசியிருக்கிறேன், நாளை சொல்வதாகச் சொன்னார். நன்றி.

தேக்கா தெரு:
கடவுச்சீட்டு உங்கள் கையில் இருக்கிறதா, ஏஜென்டிடம் இருக்கிறதா? முன்பணம் கொடுத்திருந்தால் அதற்கான ரசீதோ வங்கிப் பரிமாற்றச் சான்றோ இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.