மார்கழிக் குளிரை நம்பி ஏமாந்த ஃப்ரூட் சாலட்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

எலத்தகிரி மருமகள்

போன கிறிஸ்துமஸ் மதியம் எங்கள் மொட்டை மாடியில் முப்பது பேர். பிரியாணியில் ஒரு குறையும் இல்லை. மானத்தை வாங்கியது ஃப்ரூட் சாலட்.

முதல் நாள் இரவே 8 லிட்டர் பாலில் கஸ்டர்ட் காய்ச்சி வைத்தேன். அந்தத் தேக்சா ஃப்ரிட்ஜுக்குள் நுழையவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மார்கழிக் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், குழாயைத் திறந்தால் விரல் மரத்துப் போகும். “இந்தக் குளிருல என்ன கெட்டுடப் போகுது” என்றார் மாமியார். நானும் தலையாட்டிவிட்டு, மேடையிலேயே மூடி வைத்துப் படுத்துவிட்டேன்.

காலையில் பழம் நறுக்கிக் கலந்தேன். பதினோரு மணிக்கு மாடியில் ஷாமியானா அடியில் வைத்தோம். ஜெபம், கேக், புகைப்படம் எல்லாம் முடிந்து பந்தி உட்காரும்போது மணி ஒன்றரை. மூடியைத் திறந்தால் வாழைப்பழம் கறுத்திருந்தது, மேலே மெல்லிசாகத் தண்ணீர் நின்றது. ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தேன். லேசாகப் புளித்தது. அன்னாசியின் புளிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பரிமாறினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

சாயங்காலத்துக்குள் நான்கு பேருக்கு வாந்தி. அதில் ஒன்று நாத்தனாரின் ஆறு வயதுப் பெண். இரவு பத்து மணிக்கு அவளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தேன். நாத்தனார் ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டியிருந்தாலாவது தேவலை.

பொங்கலுக்கு மறுபடி எல்லோரும் வருகிறார்கள். குளிர்ச்சியான அயிட்டங்களை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தர்மபுரி நர்ஸ்

அக்கா, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தத் தப்பைச் செய்யாத வீடு குறைவு. நமக்குப் போர்வை கேட்கிற 18 டிகிரி, கிருமிக்குக் குளிரே இல்லை. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை அது பெருகும். சமைத்த பண்டம் அந்த இடைவெளியில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம். உங்கள் கஸ்டர்ட் ராத்திரி முழுக்க வெளியே இருந்திருக்கிறது. மாடியில் கழிந்த இரண்டரை மணி நேரம் அதற்கும் மேலே.

அன்று வேலை செய்தது எந்தக் கிருமி என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது. பொதுவாகப் பால், கிரீம் பண்டங்களில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற ஒன்றுக்குப் பயப்பட வேண்டும். சமைப்பவர் கைப் புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வரும். அது கக்கிவிட்ட நச்சு, திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது. வாசனையிலும் ருசியிலும் தெரியாமலே போகலாம். அதனால் “மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு” என்பதை வார்டில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கஸ்டர்டை அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் நாலு விரல் உயரத்துக்குள் ஊற்றுங்கள். ஐஸ் தண்ணீரில் உட்கார வைத்துக் கிளறினால் சீக்கிரம் ஆறும். அப்புறம் ஃப்ரிட்ஜ். கொதிக்கக் கொதிக்க ஒரு தேக்சாவை அப்படியே உள்ளே திணித்தால் பக்கத்தில் இருக்கும் தயிரும் மாவும் சேர்ந்து சூடாகும்.

பாலக்கோடு சமையல் கான்ட்ராக்டர்

22 வருஷமாகக் கல்யாணச் சமையல் செய்கிறேன். தங்கச்சி, உங்கள் தப்பு கஸ்டர்டில் மட்டும் இல்லை, பாத்திரத்திலும் இருக்கிறது. பெரிய தேக்சாவைப் பந்திக்குக் கொண்டுவந்தால் அது காலியாகும்வரை அங்கேயேதான் கிடக்கும்.

நான் செய்வது இது. அகலமான அண்டாவில் பாதிக்கு ஐஸை உடைத்துப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விடுவேன். வெறும் ஐஸ் கட்டிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே சந்து விழும், தண்ணீர் இருந்தால்தான் குளிர்ச்சி சுற்றிலும் பிடிக்கும். அதில் பத்துப் பேருக்குப் போதுமான சின்னப் போசியை, உள்ளே இருக்கும் பண்டத்தின் மட்டம் வரை ஐஸ் வருகிற மாதிரி இறக்குவேன். மீதியெல்லாம் ஃப்ரிட்ஜில். போசி தீர்ந்தால் அதை எடுத்துவிட்டுப் புதுப் போசி வைப்பேன். பழையதன் மேலேயே புதியதை ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது, அடியில் கிடக்கும் அரைக் கரண்டி மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

பார்வைக்கும் இதுதான் அழகு. பாதி தின்ற தேக்சாவை எந்த மாதுளையும் காப்பாற்றாது. நிரம்பிய சின்னப் போசி, மேலே ஒரு கை மாதுளை முத்து, ஓரத்தில் ரெண்டு புதினா இலை, சுற்றிலும் ஐஸ் மின்னுகிறது. இதற்குமேல் அலங்காரம் தேவையில்லை. ஆப்பிளை நறுக்கியதும் எலுமிச்சைச் சாறு பிசறுங்கள், கறுக்காது. வாழைப்பழம் பரிமாறும்போதுதான். ரைத்தாவுக்கு வெள்ளரிக்காய், உப்பு இரண்டையும் கடைசியில் சேர்த்தால் தண்ணீர் விடாது.

ஐஸ் வாங்கும்போது கவனம். சாக்கு சுற்றி வரும் பார் ஐஸ் பாத்திரத்தை வெளியிலிருந்து குளிரவைக்க மட்டும். ஜூஸில் போட அல்ல. சாப்பிடக் கூடாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் வெள்ளையாக வந்துவிட்டது என்பதற்காக ரோஸ் மில்க்கில் உடைத்துப் போட்டுவிடாதீர்கள்.

என் மானம் போன கதையும் ஒன்று. காரிமங்கலத்தில் ஒரு நிச்சயதார்த்தம். ஐஸில் கல்லுப்புப் போட்டால் இன்னும் குளிரும் என்று யாரோ சொன்னார்கள், ரெண்டு கிலோ கொட்டிவிட்டேன். குளிர்ந்ததென்னவோ உண்மை. தயிர் வடை ஓரத்தில் கல்லாக உறைந்துவிட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா கரண்டியால் தட்டிப் பார்த்து, “இதுக்குச் சுத்தியல் ஒண்ணு குடுங்கண்ணே” என்றார். உப்பு குல்ஃபிக்கு. பந்திக்கு வேண்டாம்.

ஓசூர் அபார்ட்மென்ட்

எங்கள் பிளாக்கில் நியூ இயருக்கு ஆளுக்கொரு பதார்த்தம். எனக்குச் சாண்ட்விச். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டதிலிருந்து எனக்கு அந்தப் பக்கமே பயம். துணியில் வடிகட்டிய கெட்டித் தயிரில் மிளகு, உப்பு, பூண்டு கலந்து தடவினேன், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஈரத்துணி போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்துத் தட்டுத் தட்டாகத்தான் எடுத்தேன்.

மூன்றாவது மாடி ஆன்ட்டி புட்டிங் மேல் ரோஜா இதழ் தூவிக் கொண்டுவந்தார். அழகுதான். ஆனால் நம் ஊர் ரோஜா சந்தைக்கு வளர்கிற பூ, பூச்சிமருந்து அடிக்காமல் வராது. தட்டுக்குப் பக்கத்தில் குவளையில் வைக்கலாம், தின்பண்டத்தின் மேல் வேண்டாம். இதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நைசாக இதழைப் பொறுக்கி ஓரம் வைத்துவிட்டேன்.

பென்னாகரம் பையன்

காணும் பொங்கலுக்கு வருஷா வருஷம் ஒகேனக்கல்தான். அம்மா தூக்கு நிறையத் தயிர் சாதம் கட்டுவார், மத்தியானத்துக்குள் புளிச்சுப் பொங்கிவிடும். தயிர் சாதம் கெடாது என்கிறார்களே, நிஜமா?

தர்மபுரி நர்ஸ்

புளிப்பு ஓரளவு காப்பாற்றும் தம்பி, ஆனால் சாதத்தை எப்படி ஆற்றினார்கள் என்பது முக்கியம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு, அதன் வித்து வேகும்போதும் சாகாது. குவித்து வைத்த சாதம் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், அதுதான் அதற்கு வேண்டியது. அம்மாவிடம் தாம்பாளத்தில் பரப்பி ஆற்றச் சொல்லுங்கள். அப்புறம் பாலும் தயிரும் கலந்து, ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். கார் டிக்கியில் வெறுமனே வைக்காதீர்கள், அது அடுப்பு.

எலத்தகிரி மருமகள்

பொங்கல் முடிந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் சொன்ன மாதிரி அண்டா, ஐஸ், நாலு சின்னப் போசி. கொதித்து ஆறின தண்ணீரில் மாதுளை முத்துப் போட்டு ஐஸ் கட்டி செய்து பானகத்தில் மிதக்கவிட்டேன், பிள்ளைகள் பானகத்தை விட்டுவிட்டு அதைத்தான் சப்பினார்கள்.

மாமியார் அண்டா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், கையில் மாமனாரின் பழைய வாட்ச். “பதினொன்னே முக்காலுக்கு வெச்சது. எடுத்துட்டு அடுத்ததக் கொண்டா” என்று ஒரே அதட்டல். நாத்தனார் மகள் கிண்ணத்தோடு வந்து நின்றாள். பாட்டி புதுப் போசியிலிருந்து முதல் கரண்டியைத் தானே சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குப் போட்டார்.