ஊட்டி மலை ரயில்: குன்னூர் டிக்கெட் எடுத்தால் நீராவி என்ஜின் வருமா?

மீனா_மதுரை:
மே மாதம் அம்மா, பிள்ளைகளோடு ஊட்டி போகிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் ரயிலில் இடம் இல்லை. ஊட்டி - குன்னூர் டிக்கெட் கிடைக்கிறது. அதிலும் நீராவி என்ஜின்தானே? பெரியவன் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அடிக்கடி பாத்ரூம் போவார்.

குன்னூர்க்காரன்:
வழக்கமாக டீசல்தாங்க. நீராவி என்ஜின் மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதியில்தான் ஓடுகிறது. டிக்கெட் எடுத்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்!

காரணம் ஏற்றம். மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு நிலையம் தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி வீதம் மலை ஏறும் இடங்கள் உண்டு. சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரட்டைச் சட்டம் குன்னூர் வரை போகிறது. ஒன்றின் பல்லும் மற்றதன் பல்லும் நேருக்கு நேர் இருக்காது, தள்ளித் தள்ளி இருக்கும். அப்போதுதான் என்ஜினின் பல்சக்கரத்துக்கு எந்நேரமும் ஒரு பிடி கிடைக்கும். அந்தச் சக்கரத்துக்கென்றே தனியாக இரண்டு சிலிண்டர். கல்லாறில் அவை சேர்ந்துகொண்டதும் சத்தமே மாறிவிடும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அப்பா இந்த லைனில் பிரேக்ஸ்மேனாக, அதாவது பெட்டியின் பிரேக்கைப் போடுபவராக, இருந்தவர். மேலே போகும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. டிரைவருக்கு முன்னே இருக்கும் பாதை தெரியாது. பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் வெளியே நின்று, முன்பெட்டிக்காரர் காட்டும் கொடியைப் பார்த்துப் பின்னால் காட்டிக்கொண்டே வருவார். மழையிலும் அதே வேலைதான். எல்லாரும் என்ஜினைப் படம் எடுப்பார்கள், இவர்களை யாரும் எடுப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

உங்கள் பையனுக்கு ஒரு வழி இருக்கிறது. குன்னூரில்தான் என்ஜின் மாற்றுவார்கள், ஷெட்டும் அங்கேதான். மதியம் இரண்டு மணிக்கு ஊட்டியில் கிளம்பும் வண்டிக்கு டிக்கெட் எடுங்கள். குன்னூரில் இறங்கியதும் பிளாட்பாரத்திலேயே நில்லுங்கள். டீசல் கழன்று நீராவி என்ஜின் வந்து மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பொன்மலை_ரவி:
அங்கே ஓடுகிறவற்றில் சில, எங்கள் திருச்சி பொன்மலை ரயில் பணிமனையில் கட்டியவை. பழையவை சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. எல்லாமே கரி போடுவது என்று பையனிடம் சொல்லிவிடாதீர்கள், எண்ணெயில் எரிவதும் உண்டு.

மீனா_மதுரை:
நன்றி அண்ணா. அந்த இரண்டு மணி வண்டியிலேயே மேட்டுப்பாளையம் வரை இடம் கிடைத்தால் அம்மாவால் உட்கார முடியுமா?

குன்னூர்க்காரன்:
குன்னூர் வரை ஒரு மணி நேரம், பிரச்சினை இல்லை. மேட்டுப்பாளையம் வரை என்றால் மூன்றரை மணி நேரம், பெட்டியில் பாத்ரூம் கிடையாது. குன்னூரிலும் ஹில்குரோவிலும் இறங்கிப் போய் வரலாம். ஹில்குரோவில் குரங்குகள் அதிகம், அம்மா கையில் பிஸ்கட் கொடுத்து அனுப்பாதீர்கள். இன்னொன்று, இறங்கும்போது என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற வேலைதான் செய்யும், அந்த மூச்சிரைப்பு கேட்காது. என் ஓட்டு என்றைக்கும் ஏறும் பயணத்துக்குத்தான். காலை 7.10 வண்டி. மே மாதத்தை விட்டுவிட்டு ஜனவரியில் பாருங்கள். அக்டோபர், நவம்பர் மட்டும் வேண்டாம், மண்சரிவு வந்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள்.