அமெரிக்காவில் ஸ்லீப் டெக் ஆக நினைக்கிறீர்களா? கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

ஸ்லீப் லேபில் நோயாளிக்குக் கருவிகள் மாட்டி, அவர் தூக்கத்தை இரவு முழுக்கப் பதிவு செய்பவர்தான் ஸ்லீப் டெக் (டெக்னாலஜிஸ்ட்). ஊரில் நர்சிங், ஈ.ஈ.ஜி., லேப் டெக்னாலஜி என்று ஏதாவது படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்து வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: "ஸ்லீப் டெக்னாலஜிஸ்ட் வேலைக்கு ஆன்லைன் கோர்ஸ் ஒன்று இருக்காமே, முடித்தால் வேலை கிடைக்குமா?" கோர்ஸை மட்டும் முடித்தால் கிடைக்காது. வேலை நல்ல வேலைதான்; நாலு வருடப் பட்டம் கட்டாயமில்லை, மருத்துவமனைச் சூழலும் பழகும். அமெரிக்காவில் டாக்டராக எழுத வேண்டிய யு.எஸ்.எம்.எல்.ஈ. தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஸ்லீப் லேபில் வேலை பார்க்கும் நம் ஊர் எம்.பி.பி.எஸ். ஆட்களும் உண்டு. ஆனால் உள்ளே நுழையும் வழி கோர்ஸ் விற்பவர்கள் சொல்வது போல இல்லை.

முதலில் விசா. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான எச்-4இல் இருந்தால் படிக்கலாம், வேலை செய்யக்கூடாது. துணைவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) அப்ரூவ் ஆகியிருந்தால் எச்-4 ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், 2015 முதல் இருக்கும் வசதி இது. கம்பெனி மாற்றலில் எல்-1இல் வந்தவரின் துணைவராக எல்-2இல் வந்தவர்களுக்கு, ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் எல்-2எஸ் என்று போட்டிருந்தால் அதை வைத்தே வேலை செய்யலாம். "எச்-1பி ஸ்பான்சர் செய்வார்களா" என்ற ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். பட்டப்படிப்பு கட்டாயமாக வேண்டிய வேலைக்குத்தான் எச்-1பி. இது அந்த வகையில் வராது. "சம்பளம் வேண்டாம், சும்மா வந்து உதவி செய்கிறேன்" என்று லேபில் போய் நிற்பதையும் வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள். சம்பளம் வாங்கவில்லை என்பதாலேயே அது வேலை இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்தது நீங்கள் இருக்கும் மாநிலம். நியூ ஜெர்சியில் இதற்கென்றே உரிமம் தரும் தனி போர்டு உண்டு. ட்ரெயினி, டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் என்று மூன்று படி. கலிஃபோர்னியாவிலும் அதே மூன்று படிதான், பதிவு செய்வது அந்த மாநில மெடிக்கல் போர்டிடம்; கைரேகை கொடுத்து பின்னணிச் சோதனையும் முடிக்க வேண்டும். தனி உரிமமே கேட்காத மாநிலங்களும் இருக்கின்றன. நியூ ஜெர்சி எடிசனில் இருப்பவருக்குச் சொன்ன வழி டெக்சாஸ் டாலஸில் இருப்பவருக்குப் பொருந்தாது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னதை நம்பாமல் உங்கள் மாநில போர்டின் தளத்தைத் திறந்து பாருங்கள்.

வேலைக்கு எடுப்பவர்கள் அதிகம் கேட்கும் சான்றிதழ்த் தேர்வு, ஸ்லீப் டெக்குகளுக்குச் சான்று தரும் பி.ஆர்.பி.டி. அமைப்பு நடத்தும் ஆர்.பி.எஸ்.ஜி.டி. புதிதாக வருபவர்களுக்கு அதே அமைப்பின் சி.பி.எஸ்.ஜி.டி. இருக்கிறது. ஆர்.எஸ்.டி. என்று இன்னொன்றை அமெரிக்கன் போர்ட் ஆஃப் ஸ்லீப் மெடிசின் நடத்துகிறது. ஆர்.பி.எஸ்.ஜி.டி. எழுத இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, சி.ஏ.ஏ.எச்.ஈ.பி. (மருத்துவத் துணைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற கல்லூரிப் படிப்பு. இன்னொன்று, லேபில் வேலை செய்து மணிக்கணக்கைச் சேர்த்து, கூடவே அங்கீகரிக்கப்பட்ட பாடத்தொகுதிகளை முடிப்பது. எத்தனை மணி நேரம் என்பது அவ்வப்போது மாறும், பி.ஆர்.பி.டி.யின் இந்த வருடக் கையேட்டைப் பாருங்கள். எல்லோருக்கும் இடிக்கும் இடம் இந்த மணிக்கணக்குதான். ஆன்லைன் கோர்ஸ் நோயாளியைத் தராது. என்னைக் கேட்டால், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் இந்தப் படிப்பு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதில் சேருங்கள். கிளினிக்கல் பயிற்சிக்கு லேபைத் தேடும் பொறுப்பு அவர்களுடையது.

ஊரில் ரெஸ்பிரேட்டரி தெரபி படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியப் பட்டத்தை மட்டும் வைத்து இங்கே ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டுக்கான ஆர்.ஆர்.டி. தேர்வுக்கு உட்கார முடியாது. ஆனால் அந்தப் படிப்பு ஸ்லீப் லேப் இன்டர்வியூவில் நன்றாகவே உதவும், ரெஸ்யூமேயில் மேலேயே போடுங்கள்.

சரி, வேலை எப்படி இருக்கும்? பெரும்பாலும் இரவு ஏழு முதல் காலை ஏழு வரை, வாரம் மூன்று இரவு, ஒருவருக்கு இரண்டு நோயாளிகள். நோயாளி வந்ததும் அவர் தலையை அளக்க வேண்டும். புருவங்களுக்கு நடுவில் மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டையில் துருத்தும் எலும்பு வரை டேப் பிடித்து, பத்து, இருபது சதவீத இடைவெளியில் பென்சிலால் குறி போட்டு, அந்த இடத்தை ஜெல்லால் தேய்த்து, பேஸ்ட் வைத்து, மூளையின் மின் சிக்னலைப் பிடிக்கும் எலக்ட்ரோடை ஒட்ட வேண்டும். இம்பீடன்ஸ் (ஒட்டிய இடத்தின் மின்தடை) ஐந்து கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை விடக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரும் நம் ஊர்ப் பெரியவர்களிடம் இது சரியான வேலை வாங்கும்; பேஸ்ட் வழுக்கிக்கொண்டே போகும். கண், தாடை, கால், மார்பு, வயிறு, மூக்கு, விரல் என்று எல்லாம் மாட்டிய பிறகு பக்கத்து அறையிலிருந்து மைக்கில், "கண்ணை மூடுங்கள், தலையை அசைக்காமல் இடது வலது பாருங்கள், ஐந்து தடவை சிமிட்டுங்கள், பல்லைக் கடியுங்கள்" என்று சொல்லி ஒவ்வொரு சிக்னலும் சரியாக வருகிறதா என்று பார்ப்பீர்கள். இதை இங்கிலீஷில் நிதானமாக, தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். ஸ்பானிஷில் நாலு வரி தெரிந்தால் ரொம்பவே நல்லது.

அப்புறம் விடிய விடிய திரை. பதிவை முப்பது முப்பது வினாடிகளாகப் பிரித்துப் படிக்க வேண்டும். மூச்சோட்டம் 90 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்து, பத்து வினாடியாவது நீடித்தால் அது ஏப்னியா, அதாவது மூச்சு நின்றுபோவது. ஒரு மணி நேரத்துக்கு ஏப்னியா, ஹைபாப்னியா (மூச்சு ஓரளவு குறைவது) சேர்ந்து முப்பதைத் தொட்டால் கடுமையான நிலை. மூச்சுக்குழாய் அடைபடாமல் முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் சி.பேப் கருவி வைக்கும் இரவென்றால், வழக்கமாக நாலு செ.மீ. நீர் அழுத்தத்தில் தொடங்கி, மூச்சு அடைபடும்போதெல்லாம் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அவருக்கு எது சரிப்படும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதிகாலையில் ரெம் (கனவு வரும்) தூக்கத்தில் ஒருவருக்கு ஆக்சிஜன் இறங்கும் அதே நேரம், அடுத்த அறைக்காரர் பாத்ரூம் போக வேண்டும் என்று கூப்பிடுவார்.

சின்னக் குழந்தை இருக்கும் வீடென்றால் பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். "பகலில் வீட்டில்தானே இருப்பாய்" என்று சொல்பவர்களுக்கு நீங்கள் தூங்க வேண்டும் என்பது தோன்றாது. காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஹைவேயில் ஓட்டுவது ஆபத்து, அதனால் வீட்டுக்குப் பக்கத்து லேபாகப் பாருங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

எதிர்காலம் பற்றியும் கேட்கிறார்கள். வீட்டிலேயே கருவி மாட்டிச் செய்யும் ஏப்னியா பரிசோதனை பெருகிவிட்டது, எளிய கேஸ்களை இன்ஷூரன்ஸ்காரர்கள் அங்கேயே தள்ளுகிறார்கள். லேபுக்கு வருபவர்கள் இதய நோய், நரம்பு நோய், குழந்தைகள் என்று சிக்கலானவர்கள். அதனால் ஸ்கோரிங்கை, அதாவது பதிவைப் படித்துக் குறித்துக் கணக்கிடுவதை, நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். பதிவுகளை வீட்டிலிருந்தே ஸ்கோர் செய்யும் வேலைகள் இருக்கின்றன, அவை அனுபவம் உள்ளவர்களுக்குத்தான்.

வேலை தேடும்போது "பாலிசோம்னோகிராஃபி ட்ரெயினி" என்றும் தேடுங்கள்; இந்தத் தூக்கப் பரிசோதனையின் மருத்துவப் பெயர் அது. ஸ்லீப் டெக் என்று மட்டும் போட்டால் பல விளம்பரங்கள் கண்ணில் படாது. சி.பி.ஆர். சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஃபர் வந்தால், பயிற்சிக்குப் பிறகு இவ்வளவு காலம் இருந்தாக வேண்டும் என்று ஒப்பந்தம் உண்டா, தேர்வுக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற இரண்டையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.