பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசியை எதில் பழக்குகிறீர்கள்?

சீனியர் சிஸ்டர்களே, ஒரு உதவி. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக நான்கு கிராம சுகாதார செவிலியர்கள் வந்திருக்கிறார்கள். புதன்கிழமை தடுப்பூசி நாளுக்குள் அவர்களைத் தயார் செய்யும் பொறுப்பு என் தலையில்.

பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) பிரச்சினை இல்லை. தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில், செங்குத்தாக, 0.5 மி.லி. சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பிசிஜிதான் படுத்துகிறது. பிறந்த குழந்தைக்கு 0.05 மி.லி., அதுவும் தோலுக்குள் மட்டும். சரியாக இறங்கினால் சின்னதாக வெளுத்த கொப்புளம் எழும்ப வேண்டும். நேற்று ஆரஞ்சுப் பழத்தில் தண்ணீர் ஏற்றிப் பழக்கினேன். ஒரு பெண் ஊசியைப் படுக்க வைக்காமல் குத்தியதில் தண்ணீர் நேராகச் சுளைக்குள் போய்விட்டது. இன்னொருவர் ஊசிமுனைத் துவாரத்தைக் கீழ்நோக்கிப் பிடித்திருந்தார். ஆரஞ்சுத் தோலோ கெட்டி, பச்சைக் குழந்தையின் தோல் அப்படியா? கோழித்தோல் பரவாயில்லை என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், ஊசி போட்டதும் மூடியைத் திரும்ப மாட்டும் பழக்கம். "நேராக ஹப் கட்டருக்கு (ஊசியை வெட்டும் கருவி) போங்கள்" என்று தொண்டை வறளச் சொல்லியாகிவிட்டது, கை தானாக மூடியைத் தேடுகிறது! இதை எப்படி விடவைத்தீர்கள்?

கரைத்த எம்ஆர் (தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி) குப்பியில் நேரம் எழுதுவது, 4 மணி நேரம் தாண்டினால் ஒதுக்கிவிடுவது, குழந்தையை 30 நிமிடம் அங்கேயே வைத்திருப்பது எல்லாம் ஒரே பக்கத்தில் தமிழில் யாரிடமாவது இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள். செவ்வாய் மாலைக்குள் கிடைத்தால் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிடுவேன்.