எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரியை 80-லயே நிறுத்தணும்னு யார் சொன்னது?

பத்துசெல்:
வாட்ஸாப்புல ஒரு குறிப்பு சுத்துது: "பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல ஏத்தவே ஏத்தாதீங்க, ஆயுள் ரெட்டிப்பாகும்." இங்கயும் நிழல்சாலை அதை அப்படியே ஒட்டியிருக்கார். எரிச்சலா இருக்கு. 36 வோல்ட் பேட்டரி பேக்குன்னா உள்ளே ஒண்ணோட ஒண்ணு தொடராக் கோத்த 10 செல் வரிசை. ஒவ்வொண்ணும் 4.2 வோல்ட் தொட்டா மொத்தம் 42, அதுதான் முழுச் சார்ஜ். வரிசைகளைச் சமப்படுத்துற வேலையை சாதாரண பி.எம்.எஸ். போர்டு (பேக்குக்குள்ள இருந்து செல்களைக் காவல் காக்கிற சர்க்யூட்) அந்த உச்சிக்குப் பக்கத்துலதான் தொடங்கும். தினமும் 80 சதவீதம்னு 40 வோல்ட்டுல பிடுங்கினா அந்த வேலை நடக்கவே நடக்காது. மாசக்கணக்குல ஒரு வரிசை பின்தங்கிக்கிட்டே போகும். கடைசியில 9 வரிசை 3.6-ல தெம்பா இருக்க, ஒண்ணு மட்டும் 2.8-க்கு விழும். டிஸ்ப்ளே 35 வோல்ட் காட்டும், வண்டி செத்து நிக்கும். அப்புறம் மோட்டார் போச்சுன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போவாங்க.

நிழல்சாலை:
ஒட்டினது நான்தான், இப்பவும் அதையேதான் சொல்றேன். மே மாசம் தகரக் கூரைக்குக் கீழே 42 வோல்ட்டோட ராவும் பகலும் கிடக்கிற பேட்டரி என்ன ஆகும்னு சொல்லுங்க. லித்தியம் செல்லுக்கு எமன் ரெண்டு: சூடு, முழுச் சார்ஜ். ரெண்டும் சேர்ந்தா ஓட்டாமலே கொள்ளளவு குறையும். தினம் 15 கிலோமீட்டர் ஆபீஸ் போறவருக்கு 280 வாட்-ஹவர் மின்சாரம் பிடிக்கிற பேக்குல பாதிகூட செலவாகாது. எதுக்கு விளிம்பு வரைக்கும் ரொப்பணும்?

கேள்விக்குறி:
80-ன்னா எது 80? டிஸ்ப்ளேயில 5 கோட்டுல 4-ஆ? வோல்ட் கணக்கா? ஆம்பியர்-ஹவர்ங்கிற கொள்ளளவுக் கணக்கா? அதை முதல்ல பேசிக்கலாமே.

பத்துசெல்:
40 வோல்ட்டுல சமப்படுத்தல் நடக்காது. இதுக்குப் பதில் வரலை, கூரையைப் பத்தி வருது. சார்ஜர்ல பச்சை விளக்கு வந்த உடனே பிடுங்குறதே தப்பு. பி.எம்.எஸ். சமப்படுத்துறது 50 மில்லி ஆம்பியர் மாதிரி சொட்டுச் சொட்டா. பச்சைக்கு அப்புறம் இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டாத்தான் பின்தங்கின வரிசை எட்டிப் பிடிக்கும். செயின் எண்ணெய் விவாதத்துலயும் நிழல்சாலை இதே மாதிரிதான் கேட்ட கேள்வியை விட்டுட்டு ஓடினார்.

ரெண்டுசக்கரம்:
வச்ச நேரத்துல தானா அணையுற டைமர் சாக்கெட் வாங்கி மாட்டுங்க, தீர்ந்தது. 7.8 ஆம்பியர்-ஹவர் பேக், 2 ஆம்பியர் சார்ஜர். காலியிலிருந்து 80-க்கு ஏற மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல.

பத்துசெல்:
காலியிலிருந்துன்னு நீங்களே சொல்றீங்க. பாதி இருக்கிற பேக்கை மாட்டினா மூணு மணி நேரத்துல 42-க்குப் பக்கத்துல போயிடும். டைமருக்கு உள்ளே எவ்வளவு இருக்குன்னு ஜோசியமா தெரியும்?

நிழல்சாலை:
செயின் எண்ணெயை இழுக்க வேண்டாம். அதுல யார் ஓடினதுன்னு படிச்சவங்களுக்குத் தெரியும். உங்க பிரச்சினையே வேற: மிதிக்காம த்ராட்டிலை (கைப்பிடி ஆக்சிலேட்டர்) முறுக்கியே ஓட்டுறது. மிதிச்சு ஓட்டினா கிலோமீட்டருக்கு 7, 8 வாட்-ஹவர். த்ராட்டில்ல அது 15 தாண்டும். அப்படி ஓட்டுறவங்களுக்குத்தான் தினம் 42 வேணும்.

ரெண்டுசக்கரம்:
த்ராட்டில் வச்சா சைக்கிளே இல்ல, ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணணும்.

பத்துசெல்:
தப்பு. மத்திய மோட்டார் வாகன விதியில மிதி-உதவி சைக்கிளுக்கும் விலக்கு உண்டு, மெதுவா ஓடுற பேட்டரி வண்டிக்கும் விலக்கு உண்டு. முதல் வகைக்கு மோட்டார் 250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டர் வேகத்துல உதவி நிக்கணும், மிதிக்கிறதை நிறுத்தினாலும் நிக்கணும். ரெண்டாவதுக்கு 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டருக்கும் கீழ இருக்கணும். மோட்டாரைக் கட்டுப்படுத்துற கன்ட்ரோலர்ல வேகப் பூட்டைக் கழட்டி 35-ல பறக்கிறவங்கதான் ரெஜிஸ்ட்ரேஷனுக்குப் பயப்படணும்.

மலைச்சுத்தி:
மேட்டுப்பாளையம்-குன்னூர் ஏத்தத்துல த்ராட்டில் மட்டும் முறுக்கிப் பாருங்க. சக்கர மையத்துல இருக்கிற ஹப் மோட்டார் நடை வேகத்துக்கு இறங்கினா கரண்ட் எல்லாம் சூடாத்தான் மாறும், உள்ளே நைலான் பல்சக்கரம் இளகித் தேயும். சின்ன கியர்ல மிதிச்சு 12 கிலோமீட்டருக்குக் குறையாம பிடிக்க முடியலைன்னா இறங்கித் தள்ளுறதே மேல். மலைக்கு டார்க் சென்சாரோட (மிதிக்கிற அழுத்தத்தை அளக்கிறது) நடு மோட்டார்தான், அதாவது மிதி அச்சுல இருந்து செயினை இழுக்கிறதுதான் சரி.

ரெண்டுசக்கரம்:
நடு மோட்டார் வாங்கிட்டு செயினும் பின்பல்லும் தேய்ஞ்சு மாத்திக்கிட்டே இருங்க. ஏத்தத்துல மிதியை விடாம கியர் மாத்தினாலே செயின் தெறிக்கும்.

பத்துசெல்:
மலையை வேற இழைக்குக் கொண்டு போங்க. இங்க பேச்சு 42. சந்தேகப்படுறவங்க பச்சை விளக்கு வந்து ஒரு மணி நேரம் கழிச்சு, சார்ஜரைப் பிடுங்கிட்டு, பேக்கோட வெளியீட்டு முனையில மல்டிமீட்டர் வைங்க. 41.5-க்கு மேல இருந்தா நிம்மதி. 40.8-லயே பச்சை எரியுதுன்னா ஒரு வரிசை முந்திப் போய் 4.25-ல பி.எம்.எஸ். சார்ஜை வெட்ட வச்சிருக்கு. அது 80-ல நிறுத்தினதோட பலன்.

நிழல்சாலை:
அது மட்டமான செல்லைக் கலந்து கட்டினதோட பலனாவும் இருக்கலாம். ஒரே தரத்துல செல் பொறுக்கிக் கட்டின பேக் 80-ல பல மாசம் ஓடினாலும் விலகாது. மாசம் ஒரு தரம் முழுசா ஏத்துங்கன்னா ஒத்துப்பேன். தினமும் ஏத்துங்கன்னா ஒத்துக்கவே மாட்டேன்.

பத்துசெல்:
மாசம் ஒரு தரம்னு வாட்ஸாப் குறிப்புல எங்க இருக்கு? "ஏத்தவே ஏத்தாதீங்க"ன்னுதானே ஒட்டினீங்க?

நிழல்சாலை:
படிக்கிறவங்களுக்கு அறிவு இருக்கும்னு நம்பி ஒட்டினேன்.

பத்துசெல்:
அப்ப பேக்கைத் திறந்து, செல்கள்ல இருந்து பி.எம்.எஸ்.ஸுக்குப் போற வெள்ளை கனெக்டர்ல 10 வரிசையையும் தனித்தனியா அளந்து படம் போடுங்க. 80-ல ஓட்டின பேக் எப்படி இருக்குன்னு எல்லாரும் பார்க்கட்டும்.

மலைச்சுத்தி:
புதுசா வந்தவங்களைப் பேக்கைத் திறக்கச் சொல்லாதீங்க. மீட்டர் முனை வழுக்கி பக்கத்துப் பின்னைத் தொட்டா அந்தக் கம்பி அங்கயே எரியும்.

பத்துசெல்:
நான் சொன்னது நிழல்சாலைக்கு. புதுசா வந்தவங்களுக்கு இல்ல. படம் வரட்டும்.

நிழல்சாலை:
முதல்ல உங்க பேக் படத்தைப் போடுங்க. 42-லயே ஊறின பேக்கோட கொள்ளளவு எத்தனை ஆம்பியர்-ஹவர் மிச்சம்னும் சேர்த்து எழுதுங்க.